வேலியோடு போன கறியமுது

தூதுவளை என்றதும் இன்றைய தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருபவை சளியும் இருமலும்தான். நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகவும் லேகியமாகவும், பெட்டிக்கடைகளில் மிட்டாயாகவும் விற்கப்படும் இக்கொடி, உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும் தேடப்படும் பொருளாகச் சுருங்கிவிட்டது. ஆனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத் தீவிலும், ஆற்றின் தென்கரையில் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த ஊர்களிலும் இது கொல்லை வேலியில் படர்ந்து, ஆண்டு முழுவதும் அடுப்படிக்கு இலை தந்த கறியாகவே இருந்து வந்துள்ளது. இதன் இலை துவையலும் குழம்பும் மசியலும் ஆயிற்று. பூவை நெய்யில் வதக்கினர். காயை மோரில் ஊறவைத்து வற்றலாக்கினர். மருந்து என்ற பெயர் இதற்கு மதிப்பைக் கூட்டியது மெய்தான் என்றாலும், அந்தப் பெயரே இதை அன்றாடச் சமையலிலிருந்து மெல்ல ஒதுக்கியது என்பதும் மெய்யே.

தாவரவியல் பகுப்பில் தூதுவளை கத்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கத்திரி, தக்காளி, சுண்டை, மணத்தக்காளி, கண்டங்கத்திரி ஆகியவை எல்லாம் இதன் உறவினங்கள். சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் இதற்குச் சொலானம் டிரைலோபேட்டம் என்று பெயரிட்டார். மூன்று மடல்களாகப் பிளவுபட்ட இலையை அப்பெயர் சுட்டுகிறது, எனினும் ஐந்து மடல் கொண்ட இலைகளும் அதே கொடியில் காணப்படும். தூதுளை, தூதுவேளை, அளர்க்கம், சிங்கவல்லி என்பன இதன் மற்றைய தமிழ்ப் பெயர்கள். தண்டிலும் இலைக்காம்பிலும் இலையின் அடிப்பக்கத்து நடுநரம்பிலும் கீழ்நோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கின்றன. அவை ஆடுமாட்டிடமிருந்து காப்பதோடு இன்னொரு வேலையும் செய்கின்றன: பாகற்கொடிக்கு இருப்பது போன்ற பற்றுக்கம்பிகள் தூதுவளைக்கு இல்லாமையால், அது பக்கத்துச் செடியின் கிளையில் இம்முட்களைக் கொக்கியாக மாட்டிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது.

பூ ஊதா நிறம். நடுவில் ஐந்து மகரந்தப்பைகள் மஞ்சளாக நீட்டிக்கொண்டு நிற்கும். இப்பைகள் பெரும்பாலான மற்றப் பூக்களில் போல நெடுகப் பிளந்து திறப்பதில்லை. நுனியில் மட்டும் ஊசித் துளை போன்ற திறப்பு உண்டு. கருவண்டு போன்ற சில காட்டுத் தேனீயினங்கள் பூவைக் கால்களால் கவ்விப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே மார்புத் தசையை மட்டும் அதிரச் செய்யும்போது, அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே சிதறி அவற்றின் வயிற்றில் படிகிறது. பெட்டியில் வளர்க்கப்படும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. ஆகையால் வீட்டுக் கொடியில் பூ நிறையப் பூத்தும் காய் குறைவாகப் பிடித்தால், அக்கம்பக்கத்தில் காட்டு வண்டுகள் குறைந்துவிட்டன என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நின்று, மறுபடி விதைக்காமலே பலன் தரும் காய்கறிகளைப் பல்லாண்டுக் காய்கறிகள் என்பர். முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, கோவை, பிரண்டை, சுண்டை, கொடிப்பசலை எனத் தமிழர் சமையலில் இவ்வகை ஏராளம். பருவந்தோறும் உழுது விதைக்க வேண்டிய கத்திரிக்கும் வெண்டைக்கும் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட இவற்றுக்குக் கிடைத்ததில்லை. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. எரிக் டோன்ஸ்மையர் தலைமையில் 2020-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, பயிரிடப்படும் பல்லாண்டுக் காய்கறி இனங்கள் 613 எனக் கணக்கிட்டது. ஆனால் உலகில் காய்கறி விளையும் நிலப்பரப்பில் அவை பிடித்திருக்கும் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடுதான் என்றும் அது காட்டியது. உழவு குறைவதால் மண் கலைவதில்லை, வேர் ஆழப் போவதால் வறட்சியைத் தாங்குகிறது, மண்ணில் கரிமம் தங்குகிறது என்பன இவ்வினங்களுக்குச் சாதகமாகச் சொல்லப்படும் காரணங்கள்.

தூதுவளை உணவாக இருந்தது என்பதற்கு ஸ்ரீரங்கத்தின் வைணவ மரபு தரும் சான்று, வேறெந்தக் கீரைக்கும் வாய்க்காத ஒன்று. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளின் பேரர் யாமுனர், இளமையிலேயே அரசவைப் புலவர் ஒருவரை வாதத்தில் வென்று, பரிசாகப் பாதி அரசைப் பெற்று, ஆளவந்தார் என்ற பெயருடன் அரச போகத்தில் இருந்தார். பாட்டனாரின் மரபைத் தொடர வேண்டியவர் அப்படி இருப்பதைக் கண்ட மணக்கால் நம்பி, அவரை மீட்கும் பொறுப்பை ஏற்றார். நம்பி, இன்றைய திருச்சி மாவட்டத்து லால்குடிக்கு அருகிலுள்ள மணக்கால் என்ற ஊரினர். அவருடைய ஆசிரியர் உய்யக்கொண்டாரோ ஸ்ரீரங்கத்துக்கு வடக்கேயுள்ள திருவெள்ளறையைச் சேர்ந்தவர். அரண்மனைக்குள் நுழைய வழியில்லாத நம்பி, ஆளவந்தாரின் தளிகைக்கு, அதாவது சமையலுக்கு, நாள்தோறும் தூதுவளைக் கீரையைக் கொண்டுபோய்ப் பரிசாரகரிடம் கொடுத்து வந்தார். ஆறு மாதம் இப்படி நடந்தபின் சில நாள் கொடுக்காமல் நிறுத்தினார். இலையில் அந்தக் கறி இல்லாததைக் கவனித்த ஆளவந்தார் காரணம் கேட்க, கொடுத்தவரை அழைத்துவர ஆள் போயிற்று; சந்திப்பு நிகழ்ந்தது; நம்பி கீதையின் பொருளை அவருக்கு எடுத்துரைத்து, பாட்டனார் வைத்துப்போன நிதி இதுவே என்று ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துச் சென்று கோயில் மூலவரான பெரிய பெருமாளைக் காட்டினார். அரசைத் துறந்த ஆளவந்தார் அதன்பின் ஸ்ரீரங்கத்திலேயே தங்கி வைணவத்தின் தலைமை ஆசிரியர் ஆனார். இராமானுசர் வரும்வரை மரபு அவர் வழியே வந்தது. மணக்கால் நம்பியைப் பச்சையிட்ட ராமர் என்று வைணவர் இன்றும் போற்றுவது இந்தக் கீரையை நினைத்துத்தான்.

பின்பழகிய பெருமாள் ஜீயர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவத்தில் இக்கதை இடம்பெறுகிறது. ஆசிரியர் வரலாறுகளைப் பக்தியோடு சொல்லும் நூலைக் கல்வெட்டைப் போல எடுத்துக்கொள்ள முடியாது என்பது சரியே. ஆனால் அதில் உள்ள சமையல் செய்தியையும் வேளாண் செய்தியையும் ஐயுற வேண்டியதில்லை. கேட்டவர்களுக்கு அவை இயல்பாகத் தோன்றாவிட்டால் கதையே நின்றிருக்காது. முதலாவது, இங்கே தூதுவளை நோயாளிக்குக் கொடுத்த மருந்தாக வரவில்லை, அரண்மனைப் பந்தியில் இல்லாமல் போனால் கேட்டு வாங்கத் தூண்டும் கறியாக வருகிறது. இரண்டாவது, ஒரே கீரையை ஆறு மாதம் தவறாமல் கொடுப்பது, விதைத்த ஒரு மாதத்தில் வேரோடு பிடுங்கப்படும் முளைக்கீரையாலோ சிறுகீரையாலோ எளிதில் ஆகக்கூடியதன்று. பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும் பல்லாண்டுக் கொடி ஒன்று கைக்கெட்டும் வேலியில் இருந்தால்தான் அது நடக்கும். மணக்கால் நம்பியின் பொறுமைக்கு ஈடுகொடுத்தது அந்தக் கொடியின் இயல்பே எனலாம்.

அந்த வேலிகள்தாம் இப்போது இல்லை. ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகள் திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், அடுக்களை எனப் பின்னோக்கி நீண்டு, கிணறும் வாழையும் உள்ள கொல்லையில் முடிந்தன. தீவின் ஓரங்களிலும் லால்குடி, மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து ஊர்களிலும் கொல்லைக்கும் தோட்டத்துக்கும் எல்லையாகக் கிளுவை முதலியவற்றை நட்ட உயிர்வேலி இருந்தது. கோவை, முடக்கற்றான், வேலிப்பருத்தி, பிரண்டை ஆகியவற்றோடு தூதுவளையும் அவ்வேலியில் ஏறிக்கொண்டது. தனி நிலமோ தனிப் பாசனமோ அதற்குத் தேவைப்படவில்லை. வேலிதான் அதன் வயல். கொல்லைகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும், வேலிகள் சுற்றுச்சுவர்களாகவும் முள்கம்பிகளாகவும் மாறியபோது, யாரும் வேண்டாம் என்று சொல்லாமலே இக்கறி மறைந்தது. சந்தைக்கு விளைவிக்கப்படாத பொருள் ஆதலால் அதன் குறைவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பறித்தவுடன் வாடுவதும், முள் இருப்பதால் கட்டுக் கட்டவும் ஆயவும் கை கூசுவதும் காய்கறி வியாபாரத்துக்கு இதை ஒவ்வாததாக்கின. திருச்சியின் காந்தி மார்க்கெட்டில் மலைபோல் குவியும் சரக்கோடு தூதுவளை போட்டியிட முடியாமல் போனதில் வியப்பில்லை.

இப்பகுதியின் தாவரங்களை முறையாகப் பதிவு செய்த பணி திருச்சியிலேயே நடந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967-இல் தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய தாவர மாதிரிகளைப் பெயரும் இடமும் எழுதிப் பாதுகாக்கும் காப்பகம், தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிய பெருந்தொகுதிகளை 1980-களில் வெளியிட்டது. வேலியில் இருந்தவை யாவை என்று வருங்காலத்தவர் கேட்டால், விடைக்கான ஆவணம் அங்கு இருக்கிறது; வேலியை மீட்கும் வேலை வீட்டுக்காரர்களுடையது.

அந்த வேலை கடினமானதன்று. தூதுவளையை விதையாலும் தண்டாலும் பெருக்கலாம். நன்றாகச் சிவந்த பழத்தை நசுக்கி, சதை போக நீரில் அலசி, விதையை நிழலில் உலர்த்தி மேலாகத் தூவி மண் மூடினால், இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். இதைவிட விரைவான வழி போத்து நடுதல்: மிக முற்றியதாகவும் மிக இளசாகவும் இல்லாத, பென்சில் பருமனுள்ள தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, வேர்விடும் வரை நிழலில் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். திருச்சியின் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவதால், ஆடியில் நட்டு மழைக்கு முன் வேர்பிடிக்கச் செய்வது நலம். ஸ்ரீரங்கத்து வண்டல் மண் இக்கொடிக்கு ஏற்றது. எனினும் நீர் தேங்கினால் வேர் அழுகும் ஆதலால் மண்ணைச் சற்று மேடாக்கி நடுவதும், நகரத்தின் கெட்டி மண்ணில் மணலும் மக்கிய தொழு உரமும் கலப்பதும் தேவை. மாடியில் வளர்ப்போர் ஒன்றேகால் அடி அகலமுள்ள பையையோ பழைய வாளியையோ பயன்படுத்தி, மூங்கில் படலோ நைலான் வலையோ சாய்த்து வைக்கலாம். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் விழுந்தால் போதும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இலை சிறுத்து மஞ்சளாகி உதிர்வதைக் கண்டு கொடி செத்துவிட்டது என்று பலர் பிடுங்கிவிடுகின்றனர். வேர் உயிரோடுதான் இருக்கும். வேர்ப்பகுதியில் சருகு போட்டு மூடி வாரம் இரண்டு முறை நீர்விட்டால், கோடை மழை பட்டதும் அடியிலிருந்து துளிர்க்கும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆனிக் கடைசியில் இடுப்பளவுக்கு வெட்டிவிடுவது கட்டாயம்: வெட்டாத கொடி அடியில் கட்டையாகி, நுனியில் மட்டும் இலை வைத்து, முள்ளை அதிகமாக்கும்; வெட்டிய கொடியோ பக்கக் கிளைகளை விட்டு, முள் இளசான தளிர்களைத் தரும். பறிக்கும்போதும் கையால் உருவாமல் கத்தரிக்கோலால் நுனித்தளிரோடு நாலைந்து இலைகளை நறுக்கி எடுத்தால், அதே கணுவிலிருந்து இரண்டு கிளைகள் கிளம்பும். பூச்சி என்று பார்த்தால், கத்திரிச் செடியைத் தாக்கும் புள்ளி வண்டு இதற்கும் வரும். அதன் மஞ்சள் நிறப் புழுக்கள் இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று சல்லடையாக்கிவிடும். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துப் புழுவையும் முட்டைக் கூட்டத்தையும் கையால் எடுத்துவிடுவதே முதல் வைத்தியம். மாவுப்பூச்சி படர்ந்தால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். இலையை அப்படியே உண்பதால் கடைப் பூச்சிக்கொல்லிகளை இதன் அருகில் கொண்டுவரவே கூடாது.

மருத்துவச் சிறப்பையும் அளவோடு சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் இது கோழை அகற்றும் மூலிகை. வள்ளலார் தம் நித்திய ஒழுக்க விதிகளில் கரிசலாங்கண்ணி, முசுமுசுக்கை, சீரகத்தோடு தூதுவளையையும் நாள்தோறும் கொள்ளச் சொன்னார். தாய்லாந்திலும் இதே கொடியின் காயை மிளகாய்த் தொக்கோடு காய்கறியாக உண்கின்றனர். இருமலுக்கான மரபு மாத்திரையிலும் அதைச் சேர்க்கின்றனர். ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தூதுவளைப் பொடியும் கண்டங்கத்திரிப் பொடியும் கொடுத்துப் பார்த்த தமிழ்நாட்டு ஆய்வுகள் 1999-இலும் 2004-இலும் வெளியாயின. நுரையீரலின் செயல்பாடு மேம்பட்டது என்றும், ஆனால் வழக்கமான ஆங்கில மருந்துகளின் அளவுக்கு அது இல்லை என்றும் அவை தெரிவித்தன. ஆகவே மூச்சிரைப்பு உள்ளவர் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுத் தூதுவளையை நம்புவது தவறு. கத்திரிக் குடும்பத்துக்கே உரிய ஆல்கலாய்டுகள், அதாவது சிறு அளவில் வீரியம் காட்டும் கசப்புப் பொருள்கள், இதிலும் இருப்பதால் கருவுற்றவர்களும் தொடர் மருந்து உண்போரும் அடிக்கடி சேர்க்கும் முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. வாரம் ஒன்றிரண்டு முறை கறியாகச் சமைத்து உண்ணும் வழக்கத்துக்கு நெடுங்காலப் பழக்கம் துணை நிற்கிறது; பொடியைக் கரண்டிக் கணக்கில் விழுங்குவதற்கு அத்தகைய துணை இல்லை.

சமையலுக்கு வந்தால், பெரும்பாலோரைத் தடுத்து நிறுத்துவது முள்தான். இலையைக் குப்புறப் பிடித்து, காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுநரம்பின் மேல் கத்தரிக்கோலின் நுனியைச் சாய்வாக ஓட்டினால் முட்கள் உதிர்ந்துவிடும். தளிரிலைக்கு அதுகூட வேண்டியதில்லை. வாணலியில் ஒரு கரண்டி நெய் உருகியதும் இலையைப் போட்டால், முதலில் படபடவென்று ஓசை எழும். இரண்டு நிமிடத்தில் பளிச்சென்ற பச்சை மங்கிப் பாசி நிறமாகும். பச்சை வாடை போய், கருகாத கறிவேப்பிலையை ஒத்த மணம் வரும்போது மிஞ்சியிருந்த முள்ளும் தளர்ந்து விரலைக் குத்தாத பதத்துக்கு வந்துவிடும். இரண்டு கைப்பிடி இலை அரைக் கைப்பிடியாகச் சுருங்கும். இதனோடு வறுத்த உளுத்தம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் நான்கு, நெல்லிக்காயளவு புளி, சிறிது தேங்காய், உப்பு, பெருங்காயம் சேர்த்துக் கெட்டியாக அரைத்தால் துவையல். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசையும்போது இலையின் இளங்கசப்பைப் புளியும் பருப்பும் தணித்து, நாக்கில் கடைசியாக மட்டும் அது தங்கும். அந்தக் கசப்பை அடியோடு போக்க முயன்று வெல்லத்தை அள்ளிப் போடுவது இக்கறிக்குச் செய்யும் அநீதி.

ரசத்தைச் சாத்தமுது என்றும் காய்கறியைக் கறியமுது என்றும் வழங்கும் ஸ்ரீரங்கத்து வைணவ இல்லங்களில் வெங்காயமும் பூண்டும் சேர்வதில்லை. துவரம்பருப்பு வெந்த நீரில் புளிக்கரைசலும் மிளகு சீரகப் பொடியும் சேர்த்து, நெய்யில் வதக்கிக் கசக்கிய தூதுவளையைக் கடைசியில் போட்டு, நுரை கட்டியதும் இறக்கினால் சாத்தமுது ஆகிவிடும். ஆற்றுக்குத் தென்கரையில், உறையூர், பாலக்கரைப் பக்கங்களில் இதே ரசத்தில் பூண்டுப் பல் நசுங்கி விழும். குழம்பாக வைப்போர் சின்ன வெங்காயம் சேர்ப்பர். இரண்டில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பூண்டு இல்லாத சாத்தமுதில்தான் இலையின் தனி மணம் தெளிவாகத் தெரிகிறது. பயத்தம்பருப்போடு குழைய வேகவைத்து மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட மசியல், முள்ளுக்கு அஞ்சும் குழந்தைகளுக்குத் தொடக்கமாகப் பொருத்தமானது. புழுங்கலரிசியை ஊறவைத்து இலையோடு சேர்த்து அரைத்து ஊற்றும் தோசைக்கும் அடைக்கும் தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படாது.

காய் பச்சையாக இருக்கும்போது சுண்டைக்காயைப் போலவே இதையும் லேசாகக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஓரிரு நாள் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மாலையில் மறுபடி அதே மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இப்படியே செய்தால் வற்றல் கிடைக்கும். கசப்பு அடங்கி உப்பும் புளிப்பும் ஏறிய இவ்வற்றலை எண்ணெயில் பொரித்து மோர்ச்சோற்றுக்கும், வற்றல் குழம்புக்கும் வைத்துக்கொள்ளலாம். திருச்சியின் பங்குனி, சித்திரை வெயில் இதற்கென்றே வாய்த்தது. காய் முழுவதையும் வற்றலுக்குப் பறித்துவிடாமல், நல்ல இலை வைத்த கிளை ஒன்றில் ஒரு கொத்தை மட்டும் நன்றாகச் சிவக்கும்வரை விட்டுவைத்தால், அடுத்த ஆடிக்கு வேண்டிய விதையும், கேட்கும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்க ஒரு பிடியும் அதிலேயே கிடைத்துவிடும்.